அயினி போய் ரப்பர் வந்த விளைகள்

களியக்காவிளை வட்டாரத்தில் இன்று நல்ல அயினித் தடியைப் பார்க்க வேண்டுமென்றால் பழைய வீடு பொளிக்கிற இடத்துக்குத்தான் போக வேண்டும். ஓட்டை இறக்கி, பட்டியலைக் கழற்றி, உத்தரங்களை முற்றத்தில் அடுக்கியதுமே தடி வாங்குகிறவர் வந்து நிற்பார். ஒரு ஓரத்தில் வாளால் சின்னதாக ஒரு கீறு போட்டுப் பார்ப்பார். அடுக்களைப் புகை ஏறிக் கறுத்துப்போன கட்டை, உள்ளே மஞ்சள் மாறாமல் இருக்கும். அந்தக் கீறலிலிருந்து லேசாக ஒரு மணம் வரும். அக்கம்பக்கத்து முதியவர்கள் வேலியோரம் கூடிவிடுவார்கள். "இது தெக்கு விளையில நின்ன மூடாக்கும்" என்று அவர்களில் ஒருவர் தொடங்கிவிட்டால், எந்த மூடு எங்கே நின்றது, யார் வெட்டினார்கள், எந்த மகள் கல்யாணத்துக்கு வெட்டினார்கள் என்று பேச்சு நீளும். விலை பேசவந்தவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் பரப்பில் ஏறத்தாழ 30 சதவீதம் காடு என்கிறது அரசின் கணக்கு. வீரப்புலி, கீழமலை, அசம்பு என்று அந்தக் காடுகளுக்கெல்லாம் தனித்தனிப் பெயர் உண்டு. ஆனால் களியக்காவிளையைச் சுற்றி அப்படி எழுதிவைக்கப்பட்ட காடு எதுவும் இல்லை. மலை தொடங்குவது வடக்கே களியல், ஆறுகாணி, பத்துகாணி பக்கம்தான். அதனால் இங்குள்ளவர்களிடம் காடு அழிந்ததைப் பற்றிக் கேட்டால் பேச்சு மலையிலிருந்து தொடங்காது. சொந்தப் புரையிடத்திலிருந்து, அப்பன் காலத்து விளையிலிருந்து தொடங்கும். காடு என்று அவர்கள் நினைவில் வைத்திருப்பது வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒன்றை.

அந்த விளையில் மரங்கள் வரிசையில் நிற்கவில்லை. உயரத்தில் அயினியும் மாவும் புளியும், அதற்குக் கீழே பிலாவும் கொல்லாவும், இடையிடையே தென்னையும் பனையும் கமுகும், மரங்களைப் பற்றிக்கொண்டு நல்லமிளகுக் கொடி, தரையில் மரச்சீனி, சேனை, காச்சில், வாழை. ஒரு மூலையில் பாம்புக்காவு. காவுக்குள் யாரும் கத்தி எடுத்துப் போவதில்லை. விழுந்த கொம்பைக்கூட அடுப்புக்கு எடுக்க மாட்டார்கள். மழையைத் தமிழ்நாட்டுக் கணக்கில் சொல்லாமல் இடவப்பாதி, துலாமழை என்று மலையாள மாதக் கணக்கில் சொல்லும் ஊர்கள் இவை. இரண்டு மழையையும் வாங்கிக்கொண்ட விளைகளில் நட்டது பாதி, தானாக முளைத்தது பாதி. சக்கைக் காலத்தில் அரிசி வாங்காமலே நாள் ஓட்டிய வீடுகள் இருந்தன. சக்கையை அவித்தார்கள், கொட்டையைச் சுட்டார்கள், மடலை மாட்டுக்குப் போட்டார்கள்.

அயினிக்குத்தான் அந்த நினைவுகளில் தனி இடம். கிளை இல்லாமல் நெட்டுக்கு ஏறும் மரம் அது. ஏறிப் பறிக்க ஆள் இல்லாத பழம், காக்கையும் வௌவாலும் தின்றதுபோக விழுந்ததுதான் பிள்ளைகளுக்கு. முள்தோலை உரித்தால் ஆரஞ்சு நிறத்தில் சின்னச் சின்னச் சுளைகள். கொட்டையைக் கழுவிக் காயவைத்து வறுத்துத் தின்பார்கள். மரத்தடியில் உதிர்ந்து காய்ந்து கிடக்கும் நீளத் திரி, பற்றவைத்தால் அணையாமல் கனன்றுகொண்டே இருக்கும். ஓலைப்படக்கு வெடிக்க அந்தத் திரிதான். இந்த வட்டாரத்தில் அறுபதைத் தாண்டிய ஆண்களின் விரல்களில் அயினித் திரியால் வந்த சூடு பல இருக்கும்.

மரம் வெட்டுவது அன்றும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. கட்டிலுக்கும் கதவுக்கும் வெட்டினார்கள். தேங்காய்ப்பட்டினம், குளச்சல் பக்கத்து வள்ளங்களுக்கு அயினி போயிற்று. ஆனால் வெட்டுவது ஒரு சடங்குபோல நடந்தது. முதல் நாளே ஆசாரி வந்து மூட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, மரத்தில் குடியிருப்பவை வேறிடம் போகட்டும் என்று கேட்டுக்கொள்வார். மறுநாள் ஒருவர் மேலேறிக் கொம்புகளைக் கழிப்பார். பிறகு உச்சியில் வடம் கட்டி, எந்தப் பக்கம் விழ வேண்டுமோ அந்தப் பக்கத்தில் நாலைந்து பேர் இழுத்துப் பிடிக்க, மூட்டில் கோடாலி விழும். மிளகுக் கொடிக்கும் பக்கத்து வாழைக்கும் சேதம் வராமல் மரத்தைக் கிடத்துவதுதான் வேலைக்காரர்களுக்குப் பெருமை. அதன்பின் பரணில் தடியை ஏற்றி, கரிநூல் அடித்துக் கோடு போட்டு, மேலே ஒருவர், கீழே ஒருவராக வாள் இழுப்பார்கள். கீழே நிற்பவர் மேலெல்லாம் மஞ்சள் பொடி. ஒரு மரம் அறுத்து முடிய நாட்கள் ஆகும். பெரிய தடியை இழுக்க யானை வந்த நாளில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். இவ்வளவு பாடு இருந்ததால்தான் மரம் மெதுவாகக் குறைந்தது என்று இன்று சிலர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சங்கிலி வாள் வந்தபின் ஒரு காலைப்பொழுதில் விளை வெளிச்சமாகிவிடுகிறது.

சில மரங்களின் கதை வேறு. திருவிதாங்கூர் காலத்தில் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகியவை ராஜமரங்கள். சொந்த விளையில் முளைத்திருந்தாலும் அவை சர்க்காருக்குச் சொந்தம். உரியவன் தொட்டால் குற்றம். விளைவு எதிர்மாறாக ஆயிற்று. ஈட்டிக் கன்று முளைவிட்டால் பறித்து எறிந்துவிடுவது நல்லது என்று பலர் நினைத்தார்கள். தன் மண்ணின் சத்தைத் தின்று சர்க்காருக்கு வளரும் மரத்தை யார் விடுவார்கள்? 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு (இன்றைய தமிழ்நாடு) சேர்ந்து, களியக்காவிளை எல்லை ஊரானபின்னும் அந்த மனநிலை முழுதாக மாறவில்லை. ஈட்டி மரத்துக்கென்றே தமிழ்நாடு 1990-களில் தனிச் சட்டம் கொண்டுவந்து, பட்டா நிலத்திலும் வெட்டத் தடை போட்டது. சட்டத்தின் நோக்கம் நல்லதுதான். ஆனால் நட்டவனுக்கே பயன்படாத மரம் என்ற பழைய பேச்சு அதனால் இன்னும் உறுதிப்பட்டது.

மேலே இருந்த காடும் கீழுள்ளவர்களுக்கு அந்நியமாக இருந்ததில்லை. ஏலாக்களில் நெல் விளைந்த காலத்தில் தொழி உழவுக்குத் தழையுரமாகக் குழை வேண்டும். விளையில் வெட்டியது போதாமல் மலையடிவாரம்வரை போய்க் குழை சுமந்துவந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை 1897-ல் தொடங்கி 1906-ல் முடிந்தபோது பள்ளத்தாக்குக் காடு நீருக்குள் போயிற்று. ஆனால் அணை கட்டியதைக் காடழிப்பு என்று இந்த மாவட்டத்தில் யாரும் சொல்லிக் கேட்க முடியாது. அந்தத் தண்ணீரில் சோறு தின்ற ஊர்கள் அப்படிச் சொல்லாது. கட்டிய மிஞ்சின் துரையின் கல்லறையை இன்றும் மரியாதையோடுதான் பார்க்கிறார்கள். அணைக்கு மேலே மலையில் இருந்த காணிக்காரப் பழங்குடியினரின் கணக்கு வேறாக இருந்திருக்கும். அந்தக் கணக்கைச் சந்தையில் யாரும் விசாரித்ததில்லை.

இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றதும் திருவிதாங்கூர் பட்டினியில் விழுந்தது. உணவுப் பயிருக்காகக் காட்டு நிலத்தைத் திருத்த அரசே இடம் கொடுத்தது. மரச்சீனிதான் அந்த வருடங்களில் உயிரைக் காப்பாற்றியது. அதை நேரில் கண்டவர்கள் அநேகமாக யாரும் இல்லை; ஆனால் அவர்கள் சொன்னதைக் கேட்டு வளர்ந்தவர்கள், மலையில் மரம் வெட்டி மரச்சீனி நட்டதைக் குற்றம்போலப் பேசுவதில்லை. பசி முதல், காடு பிறகு என்பது அவர்கள் கட்சி. அதற்குப்பின் வனத்துறையே மலையடிவாரத்தில் ரப்பர் வைத்தது. கீரிப்பாறை, சிற்றாறு, கோதையாறு பகுதிகளில் அந்தத் தோட்டங்கள் விரிந்தன. 1964-ல் ஆன சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பிய தமிழர்கள் பலர் இங்கே பால்வெட்டும் தொழிலாளிகளானார்கள். 1984-ல் அரசு ரப்பர் கழகம் உருவானது. மலைக்காடு இருந்த இடத்தில் அரசாங்கமே ரப்பர் வைக்கலாம், குடியானவன் தன் விளையில் வைத்தால் மட்டும் குறையா என்ற கேள்வி இந்த ஊர்களில் தேநீர்க்கடைதோறும் உண்டு. பதில் சொல்ல எளிதான கேள்வி அல்ல.

விளைகளில் ரப்பர் பரவியது படிப்படியாகத்தான். வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் முதலில் மலையோரத்தில் வைத்தார்கள். பின்னர் பெரிய விளைக்காரர்கள் வைத்தார்கள். ரப்பர் வாரியத்தின் மானியமும், 1980-களில் பரவிய ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 என்ற ஒட்டுரகமும் வந்தபின் அரை ஏக்கர்க்காரரும் இறங்கினார். அப்போது விளை வெட்டி வெளியாக்கப்பட்ட விதம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். மாவும் அயினியும் புளியும் ஒரே விலைக்குப் பேசி லாரி ஏறின. வேர் தோண்டப்பட்டு, சரிவில் தட்டுத்தட்டாக மண் வெட்டப்பட்டு, மிச்சம் தீயிடப்பட்டது. ரப்பர்க் கன்றுகளுக்கு இடையே முதல் மூன்று வருடம் கைதச்சக்கை (அன்னாசி). அதைக் குத்தகைக்கு எடுக்க ஆட்கள் தேடி வந்தார்கள். கன்று ஏழாம் வருடம்தான் வெட்டுக்கு வரும்; முதல் வருடங்களின் வீட்டுச் செலவு கைதச்சக்கையில் ஓடியது.

இழப்பைப் பற்றிப் பேசும்போது ஆண்களும் பெண்களும் ஒன்றையே சொல்வதில்லை. ஆண்கள் தடியையும் நிழலையும் நரியின் ஊளையையும் சொல்வார்கள். பெண்கள் சொல்வது கறிக்கான பொருட்களை: வேலியோரத்துக் கீரை, கொல்லாங்கொட்டை, புளி, காந்தாரி மிளகு. முன்பு கையை நீட்டிப் பறித்ததெல்லாம் களியக்காவிளைச் சந்தையில் காசு கொடுத்து வாங்கும் சாமானாயிற்று. அதே பெண்கள்தான், ரப்பர் விறகு வந்தபின் மலைக்குப் போய் விறகு சுமக்கும் பாடு தீர்ந்தது என்றும் சொல்கிறார்கள். கழுத்து வலி தெரிந்தவர்களின் அபிப்பிராயம் அது.

ரப்பர் வந்ததைக் கெடுதல் என்று மட்டும் சொன்னால் இந்த வட்டாரத்தில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டி, சிரட்டையில் வடிந்ததைச் சேர்த்து, ஆசிட் ஊற்றி உறையவைத்து, ஷீட்டாக அடித்துப் புகைப்புரையில் தொங்கவிட்ட காசில்தான் பிள்ளைகள் நர்சிங்கும் பாலிடெக்னிக்கும் படித்தார்கள். ஒட்டுப்பாலின் நாற்றம் வெளியூர்க்காரருக்குக் குமட்டும். ஐம்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அது வீட்டு மணம். 2011-ல் கிலோ 240 ரூபாயைத் தொட்டபோது ஓட்டு வீடுகள் கான்கிரீட் ஆயின. 2016 தொடக்கத்தில் விலை நூறுக்கும் கீழே இறங்கியபோது பல விளைகளில் வெட்டுக்கூலிக்கே கட்டவில்லை. சிரட்டைகளில் மழைத்தண்ணீர் நின்றது. கொசு பெருகியது ரப்பரால்தான் என்ற பேச்சு பலமாக எழுந்ததும் அந்த வருடங்களில்தான். லாபம் வந்த காலத்தில் கொசு யாரையும் அவ்வளவாகக் கடிக்கவில்லை போலும்.

ரப்பருக்கும் காட்டுக்கும் நடுவில் நிற்பவர்கள் தேனீ வளர்ப்பவர்கள். மார்த்தாண்டத்தில் 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஸ்பென்சர் ஹேட்ச் நடத்திய கிராம முன்னேற்ற வேலைகளில் தேனீ வளர்ப்பும் ஒன்று. மார்த்தாண்டம் பெட்டி என்றே ஒரு வகைத் தேன்பெட்டிக்குப் பெயர் வந்தது. மார்கழி, தையில் ரப்பர் இலை உதிர்ந்து, செம்பு நிறத்தில் புது இலை விடும்போது இலைக்காம்பின் நுனியில் தேன் கசியும். பூவில் ஊறுவதல்ல அது. மாசி, பங்குனியில் பெட்டிகளை ரப்பர்த் தோட்டங்களுக்குள் கொண்டுபோய் வைத்துத்தான் மாவட்டத்தின் தேனில் பெரும்பங்கை எடுக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் ரப்பர் அவர்களுக்குக் காமதேனு. ஆனால் மற்ற மாதங்களில் தேனீக்குத் தின்ன எதுவும் இல்லை என்பதும் அவர்களே சொல்வது. முன்பு புளி, மா, தென்னை, கொல்லா, காட்டுப்பூ என்று ஒன்று முடியும்போது இன்னொன்று பூத்தது. இப்போது பஞ்சக் காலத்தில் சர்க்கரைப் பாகு காய்ச்சி ஊற்ற வேண்டியிருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் வந்து தென்னிந்தியப் பெட்டிகளைக் காலியாக்கியபோது, தாங்கி நின்ற கூட்டங்களைப் பெருக்கித்தான் தொழில் மறுபடி தலைதூக்கியது. ஒரே மரம் நிற்கும் விளையால் தேன் அதிகமாகும், ஆனால் தேனீ பிழைப்பது கஷ்டம் என்று இந்த ஆட்கள் சொல்வதைவிடச் சுருக்கமாக யாரும் இந்த விஷயத்தைச் சொல்லிவிட முடியாது.

காட்டைக் காப்பது பற்றிய சட்டங்கள் வந்தபோது மக்கள் எடுத்த நிலை, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு முரணாகத் தோன்றும். 1949-ம் வருடத்துத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் பிற்காலத்தில் குமரிக்கும் நீட்டிக்கப்பட்டது. அதன்கீழ் வந்த ஊர்களில் தன் நிலத்தில் தான் வைத்த ரப்பர் மூப்படைந்தாலும், வெட்டி மறுநடவு செய்ய மாவட்டக் குழுவின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். 402 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பு வனவிலங்குச் சரணாலயமானபோதும், அதைச் சுற்றிச் சூழல் உணர்திறன் மண்டலம் வரும் என்ற பேச்சு எழுந்தபோதும் மலையோர ஊர்கள் போராட்டத்தில் இறங்கின. சரணாலயங்களைச் சுற்றிக் குறைந்தது ஒரு கிலோமீட்டர் விட வேண்டும் என்று 2022 ஜூன் 3 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது இந்தப் பயத்தைக் கூட்டியது. 2023 ஏப்ரலில் நீதிமன்றமே அதைத் தளர்த்தியது. இந்தப் போராட்டங்களில் நின்றவர்களைக் காட்டின் எதிரிகள் என்று எழுதிவிடுவது அவசரம். அவர்களில் பலர் காட்டுத்தீ அணைக்க மலையேறியவர்கள், மழை குறைந்ததை வருத்தத்தோடு சொல்பவர்கள். அவர்கள் பயந்தது ராஜமரத்தின் பழைய கதைக்கு. காணிக்காரர்களின் வழக்கு வேறு. 2006-ன் வன உரிமைச் சட்டத்தின்படி, தலைமுறையாக இருந்த நிலத்துக்கு அவர்கள் உரிமை கேட்கிறார்கள். அவர்கள் மிளகும் ரப்பரும் வைத்திருப்பதைச் சுட்டி, அதனால் அவர்கள் காட்டுக்காரர்கள் இல்லை என்று கீழுள்ளவர்கள் சிலர் வாதாடுவது சரியல்ல. ரப்பர் வைத்ததால் யாரும் ஊரான் ஆகிவிடுவதில்லை.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வந்தது. அந்தப் பகலில் விழுந்த மரங்களின் எண்ணிக்கையைவிட, விழுந்த விதத்தைத்தான் மக்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ரப்பர் நடுமுறிந்து, மேல்பாதி தொங்க நின்றது. ஒரே உயரம், ஒரே வயது, ஒரே ரகம் என்பதால் ஒன்று சாய்ந்த தோட்டத்தில் எல்லாம் சாய்ந்தன. வாழை முழுக்கப் போயிற்று. பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. வெட்டுக்குக் கொடுக்க ஏழு வருடம் காக்க வேண்டிய பயிரை ஒரு பகலில் இழந்தவர்கள், பழைய கலப்பு விளையாக இருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும் என்று முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னார்கள். அயினி ஒன்றுகூட விழவில்லை என்று சாதிப்பவர்களும் உண்டு. அது உண்மையல்ல, அயினியும் விழுந்தது. ஆனால் நின்றவை கண்ணில் பட்டன என்பது உண்மை.

ஒக்கிக்கு முன்பும் பின்பும், களியக்காவிளைக்காரர்களின் கண்முன்னே தினமும் நடப்பது வேறொன்று. எல்லைக்கு அப்பால் கேரளத்தில் விழிஞ்ஞம் துறைமுக வேலை 2015 டிசம்பரில் தொடங்கியது. கடலில் அலைதடுப்புச் சுவருக்குப் பாறை வேண்டும்; கேரளத்து வீடுகளுக்கு எம்-சாண்ட் வேண்டும். குமரியிலும் நெல்லையிலும் உடைத்த கல், பாரம் மிஞ்சிய லாரிகளில் இந்த எல்லைச் சாவடி வழியாகப் போயிற்று. கல்லைத்தானே எடுக்கிறார்கள், மரத்தை அல்லவே என்று தொடக்கத்தில் சொன்னவர்கள் உண்டு. ஆனால் பாறையின் மேல் மண்ணும் அதன்மேல் மரமும் இருந்தன. பாறையை எடுக்குமுன் அவை போக வேண்டும். நான்குவழிச் சாலைக்காக ஏலாக்களிலும் குளங்களிலும் கொட்டிய செம்மண்ணும் ஏதோ ஒரு விளையின் மேட்டை வெட்டி எடுத்ததுதான். லாரி மோதி உயிர்கள் போனபின் நேரக் கட்டுப்பாடு கேட்டு ஊரார் சாலையில் உட்கார்ந்தார்கள். ரப்பருக்காக மரம் போனபோது எழாத கோபம் மலை போனபோது எழுந்தது. ரப்பரை அவர்களே வைத்தார்கள், பாறை வேறு யாருக்கோ போகிறது என்பது ஒரு காரணம். மரம் மறுபடி வரும், மலை வராது என்பது மற்றொன்று.

இப்போது விளைகள் சென்ட் கணக்கில் போகின்றன. மூப்பெய்திய ரப்பரைக் கடும்வெட்டு வெட்டிப் பால் கடைசிவரை எடுத்தபின், தடி பெரும்பாவூர் ப்ளைவுட் ஆலைகளுக்கு லாரி ஏறுகிறது. மறுநடவு செய்வோர் குறைவு. பால்வெட்ட ஆள் இல்லை, பிள்ளைகள் வளைகுடாவில். வெறும் விளையில் கல் நட்டு மனை பிரிக்கிறார்கள். புதிய வீட்டுக்கு வாசல் தேக்கு வேறு நாட்டிலிருந்து வந்து இறங்குகிறது. ஆனாலும் ஆடி அமாவாசையை ஒட்டிக் குழித்துறையில் வாவுபலிப் பொருட்காட்சி நடக்கும்போது கன்று விற்கும் கடைகளில்தான் கூட்டம் நெரிகிறது. பலி போட்டுவிட்டு ஈரத்துணியோடு வருகிறவர்கள்கூட ஒரு கன்றையாவது கையில் எடுக்காமல் போவதில்லை. றம்புட்டானும் மங்குஸ்தானும் சீக்கிரம் காய்க்கும் ஒட்டுப்பிலாவும் அதிகம் விற்கின்றன. ஐந்து சென்ட் மனையில் சுவரோரம் வைக்க அவைதான் தோது. அயினிக் கன்றுக்கு அங்கே கேட்பு குறைவு. அதன் வேர் சுவரைப் பிளக்கும், முப்பது வருடம் காக்க வேண்டும், விழுந்தால் பக்கத்து வீட்டு ஷீட் போகும் என்று வாங்க வந்தவர்களே காரணம் சொல்லிவிட்டு, றம்புட்டானுக்கு விலை கேட்கிறார்கள்.